கணிப்பொறி விளையாட்டுக்கு ஓர் இலக்கண ஆசிரியை

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

தமிழ்க் கட்டுரை நோட்டு திருத்தப்பட்டுத் திரும்பி வரும் நாள் எப்படி இருக்கும் என்று தோழியர் அனைவருக்கும் தெரியும். ஓரத்தில் "வல்லினம் மிகும்" என்று ஒரு சிவப்புக் கோடு. கீழே "ஒருமை பன்மை மயக்கம்" என்று இன்னொன்று. ஆயினும் நாம் சொல்ல வந்தது என்னவென்று ஆசிரியைக்குப் புரிந்துவிடுகிறது. "மாடுகள் வந்தது" என்று எழுதினாலும் வந்தவை மாடுகள்தான் என்று அவர் அறிவார். அரை மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். கணிப்பொறிக்கு அந்த இரக்கம் கிடையாது. ஒரே ஒரு மேற்கோள் குறியை மறந்ததற்காக, நாங்கள் நால்வர் மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய கதை முழுவதையும் அது படிக்க மறுத்துவிட்டது. அதனால் எங்களுக்குள் ஒரு சண்டையும் வந்தது. அந்தச் சண்டையில் பிறந்த ஒரு சிறு கருவியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு கணிப்பொறி விளையாட்டுச் செய்து வைக்கலாம் என்று நாங்கள் கேட்டபோது, கணிப்பொறி ஆசிரியையான எங்கள் சிஸ்டர், "விளையாட்டா? சுட்டுத் தள்ளுகிற விளையாட்டாக இருந்தால் வேண்டாம், பிள்ளைகளே" என்றார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' என்னும் விளையாட்டு. பெயரிலேயே 'போர்' இருப்பதால் முதலில் சற்றுச் சங்கடப்பட்டோம். ஆனால் இது சதுரங்கம் போல முறை வைத்து ஆடுவது. தேனடை போன்ற ஆறு பக்கக் கட்டங்களில் காய்களை நகர்த்த வேண்டும். பகல் இரவுக்கு ஏற்பக் காய்களின் வலிமை மாறும். பகலில் சிலருக்கு நூற்றுக்கு 25 பங்கு கூடும், இரவில் வேறு சிலருக்குக் கூடும். டேவிட் ஒயிட் என்பவர் 2003ஆம் ஆண்டில் இதைத் தொடங்கினார். இலவசம் மட்டுமன்று, உள்ளே எழுதப்பட்டுள்ள அனைத்தையும் எவரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், தம் கதையைச் சேர்க்கலாம். எங்கள் கதையில் சண்டையே இல்லை. வெள்ளம் வந்த ஆற்றைக் கடந்து, அக்கரைக் கிராமத்துக்கு இருபது முறைக்குள் மருந்து கொண்டு சேர்க்க வேண்டும். சிஸ்டர் ஒப்புக்கொண்டார்கள்.

இந்த விளையாட்டுக்குக் கதை எழுத ஒரு தனி மொழி உண்டு. வெஸ்நாத் மார்க்கப் மொழி என்று பெயர். 'மார்க்கப்' என்றால் என்ன? அச்சகத்தில் கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் "இது தலைப்பு", "இது தடித்த எழுத்து" என்று குறித்துக் கொடுப்பார்கள் அல்லவா? அந்தக் குறிப்புகளைக் கணிப்பொறி படிக்கும்படி எழுதுவதே மார்க்கப். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி என்ற மூவர் இப்படி ஒரு மொழியை அமைத்தார்கள். அதற்கு வைத்த பெயரின் எழுத்துகள் அம்மூவர் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகளும் ஆகும். இணையப் பக்கங்களை எழுதும் மொழியும் அந்த வம்சத்தில் வந்ததே. வெஸ்நாத் மொழி அதற்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். எங்கள் கோப்பில் ஒரு பகுதி இப்படி இருந்தது. உண்மையில் ஆங்கில எழுத்தில் இருக்கும். இங்கே எல்லோரும் படிப்பதற்காகத் தமிழில் தருகிறோம்:

[ஈவென்ட்]
    நேம்=ஸ்டார்ட்
    [மெசேஜ்]
        ஸ்பீக்கர்=நரேட்டர்
        மெசேஜ்= _ "ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டது."
    [/மெசேஜ்]
[/ஈவென்ட்]

சதுர அடைப்புக்குறிக்குள் இருப்பது ஒரு கதவு. சாய்கோட்டுடன் மீண்டும் வருவது அதே கதவை மூடுவது. ஈவென்ட் என்னும் வீட்டுக்குள் மெசேஜ் என்னும் அறை; அறைக்கதவை மூடிய பிறகே வீட்டுக்கதவை மூடலாம். இடையில் சமக்குறி வைத்து எழுதியவை விவரங்கள்: இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் மதிப்பு. மேற்கோளுக்கு முன் உள்ள அடிக்கோடு, "இந்த வாக்கியத்தை வேறு மொழிக்கு மாற்றலாம்" என்று மொழிபெயர்ப்பவர்களுக்குச் சொல்வது. அவ்வளவுதான் இலக்கணம். நன்னூலை விட மிகச் சிறியது! ஆனால் விதிவிலக்கு என்று ஒன்றுமே கேட்காது.

கதையை நான்கு காட்சியாகப் பிரித்து ஆளுக்கொன்று எழுதினோம். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கையும் ஒரே கோப்பாகச் சேர்த்து ஓடவிட்டோம். மொத்தம் 212 வரி. விளையாட்டு தொடங்கவில்லை, ஒரு பெட்டி தோன்றி, 203ஆம் வரியில் தொடங்கிய மேற்கோள் முடியவில்லை என்றது. 203 நான்காம் காட்சியில் இருந்தது. உடனே மூன்று பேரும் அதை எழுதியவளைத் திரும்பிப் பார்த்தோம். "ஏண்டி, இதைக்கூடச் சரியாகப் போடத் தெரியாதா?" என்று எங்களில் ஒருத்தி கேட்டே விட்டாள். அவள் 203ஆம் வரியைப் பத்து முறை பார்த்தாள். மேற்கோள் தொடங்குகிறது, முடிகிறது. "நான் சரியாகத்தான் போட்டிருக்கிறேன்" என்றாள். "அப்படியானால் கணிப்பொறி பொய் சொல்கிறதா?" என்றோம். திங்கட்கிழமை அவள் ஆய்வகத்துக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை.

சிஸ்டரிடம் போனோம். அவர்கள் கோப்பைப் பார்க்கவே இல்லை. "நான்காம் காட்சியை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். எடுத்தோம். பிழை போகவில்லை! இப்போது பெட்டி மூன்றாம் காட்சியின் கடைசி மேற்கோளைக் காட்டியது. மூன்றாம் காட்சியையும் எடுத்தோம். குற்றம் இரண்டாம் காட்சிக்கு நகர்ந்தது. இரண்டாவதையும் எடுத்தவுடன் விளையாட்டு ஓடியது. ஆகவே தவறு இரண்டாம் காட்சியில். வரி வரியாக வாசித்தபோது 87ஆம் வரியில் ஒரு மேற்கோள் திறந்தபடியே இருந்தது. அந்தக் காட்சியை எழுதியது யார் என்று இங்கே எழுத வேண்டாம் என்று நால்வரும் முடிவு செய்தோம். ஆனால் இக்கட்டுரையை எழுதும் விரலும், அந்தக் குறியை மறந்த விரலும் ஒன்றே என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

87இல் செய்த தவறு ஏன் 203இல் தெரிந்தது? சீருடைச் சட்டையின் பொத்தானை அவசரத்தில் ஒரு துளை தள்ளிப் போட்டுப் பாருங்கள். எல்லாப் பொத்தானுக்கும் ஒரு துளை கிடைத்துக்கொண்டே போகும். கடைசியில்தான் ஒன்று மிஞ்சும். தவறு அங்கே நடந்ததாகத் தோன்றும். மேற்கோளும் அவ்வாறே. திறக்கும் குறியும் மூடும் குறியும் கணிப்பொறிக்கு ஒரே வடிவம். 87இல் மூடாததால், அடுத்த வசனத்தைத் திறக்கும் குறியை அது மூடும் குறி என்று எடுத்துக்கொண்டது. மூடும் குறியைத் திறப்பது என்று எடுத்துக்கொண்டது. உள்ளே இருக்க வேண்டியவை வெளியே, வெளியே இருக்க வேண்டியவை உள்ளே. இப்படியே போய், கோப்பின் கடைசி மேற்கோள் குறி துணையின்றி நின்றது. அது பாவம், 203ஆம் வரியினுடையது.

புதன்கிழமை அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் அம்மா எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்கள். அவள் ஒன்றும் கடிந்து பேசவில்லை. "எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று நியாயமாகச் சொல்கிற ஒரு புரோகிராம் எழுத முடியாதா?" என்று மட்டும் கேட்டாள். எழுதத் தொடங்கினோம்.

முதலில் நாங்கள் செய்தது மிகவும் எளிது. திறக்கும் கதவு எத்தனை, மூடும் கதவு எத்தனை என்று பைத்தான் மொழியில் எண்ணச் சொன்னோம். இரண்டும் சமமானால் சரி. சிஸ்டர் கரும்பலகையில் நான்கு சொல் எழுதினார்கள்: ஈவென்ட் திற, மெசேஜ் திற, ஈவென்ட் மூடு, மெசேஜ் மூடு. இரண்டு திறப்பு, இரண்டு மூடல். எங்கள் புரோகிராம் சரி என்றது. ஆனால் அறைக்குள் ஆள் இருக்கும்போதே வீட்டைப் பூட்டிவிட்டோமே! எண்ணினால் போதாது, வரிசையும் நினைவிருக்க வேண்டும்.

அதற்கு வழி எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது: டிபன் கேரியர். கடைசியாக வைத்த அடுக்கைத்தான் முதலில் எடுக்க முடியும். கதவு ஒன்று திறக்கும்போதெல்லாம் அதன் பெயரையும் வரி எண்ணையும் ஓர் அடுக்காக மேலே வை. மூடும் கதவு வந்தால் மேலே இருக்கும் அடுக்கைப் பார். அதே பெயரானால் எடுத்துவிடு. வேறு பெயரானால் பிழை. கோப்பு முடிந்தபின் ஏதேனும் மிஞ்சியிருந்தால் அது மூடாத கதவு; அது திறந்த வரி எண்ணும் கையிலேயே இருக்கிறது. கணிப்பொறி உலகில் இதற்கு 'ஸ்டாக்' என்று பெயர். ஆலன் டூரிங் 1945இல் எழுதிய கணிப்பொறித் திட்டத்தில் இதைப் 'புதைத்தல்', 'தோண்டியெடுத்தல்' என்று குறித்தார். ஜெர்மனியில் மியூனிக் நகரின் ஃப்ரீட்ரிக் பவுவரும் கிளவுஸ் சாமெல்சனும் 1957இல் இந்த முறைக்குக் காப்புரிமை கேட்டு மனுச் செய்தபோது 'நிலவறை' என்று பொருள்படும் சொல்லை வைத்தார்கள். புதைகுழி, நிலவறை என்று பயமுறுத்துவதை விட டிபன் கேரியர் எவ்வளவோ நல்ல பெயர் என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

ஸ்டாக் வைத்தவுடன் ஒரு புதுத் தொல்லை. வேண்டுமென்றே ஒரு கதவை மூடாமல் சோதித்துப் பார்த்தோம். 31 பிழை என்று திரை நிறைய வந்தது! ஒரு கதவு மூடாததால் அதன் பிறகு வந்த ஒவ்வொரு மூடலும் பொருந்தாமல் போயிற்று. வீட்டில் ஒரு தம்ளர் உடைந்தால் அன்று முழுவதும் நாம் செய்ததெல்லாம் குற்றமாகத் தெரியுமே, அதைப்போல. ஆகவே ஒரு திருத்தம் செய்தோம். மூடும் பெயர் மேலே இல்லாவிட்டால், கீழடுக்குகளில் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால், அதற்கு மேலுள்ளவற்றை மட்டும் "மூடப்படவில்லை" என்று ஒருமுறை சொல்லி எடுத்துவிட்டு, மேற்கொண்டு அமைதியாகப் படிக்க வேண்டும். 31 என்பது 1 ஆயிற்று. இந்த மாற்றம் எட்டு வரிதான். ஆனால் யோசிக்க நான்கு நாள் ஆயிற்று.

அடுத்து எண் குறி. வெஸ்நாத் மொழியில் இக்குறியுடன் தொடங்கினால் அது நமக்காக எழுதிய குறிப்பு. விளையாட்டு அதைப் படிக்காது. எங்களில் ஒருத்தி குறிப்பு வரியில் கதவின் பெயரை எழுதி வைத்திருந்தாள். எங்கள் கருவி அதையும் கதவு என்று அடுக்கில் வைத்துவிட்டது. குறிப்பு வரிகளைத் தள்ளச் சொன்னோம். பிறகுதான் தெரிந்தது, அதே குறியுடன் தொடங்கும் 'டிஃபைன்', 'இஃப்டெஃப்' போன்றவை குறிப்பு அல்ல, கட்டளைகள் என்று. அவற்றுக்குத் தனி விதி எழுதினோம்.

இனி மேற்கோள். இதுவரை வரி வரியாகப் படித்த கருவியை, எழுத்து எழுத்தாகப் படிக்க மாற்றினோம். "இப்போது மேற்கோளுக்குள் இருக்கிறேனா, வெளியே இருக்கிறேனா?" என்பதை அது எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும். உள்ளே இருந்தால் சதுர அடைப்புக்குறி கதவன்று, வெறும் எழுத்து. வசனத்துக்குள்ளேயே மேற்கோள் வேண்டுமானால் இரட்டித்து எழுதுவது இம்மொழியின் வழக்கம், அதையும் கற்றுக்கொடுத்தோம். ஆவலோடு பழைய கோப்பைக் கொடுத்தோம். கருவி சொன்னது: "203ஆம் வரியில் தொடங்கிய மேற்கோள் முடியவில்லை." எங்கள் கருவியும் அதே அநியாயத்தைச் செய்தது! நான்காம் காட்சிக்காரி சிரித்துவிட்டாள். நல்ல வேளை, சிரித்தாள்.

இங்கேதான் இலக்கணம் மட்டும் போதாது என்று கண்டோம். விதிப்படி பார்த்தால் மேற்கோள் பல வரிகளுக்கு நீளலாம். அது தவறே அன்று. எந்தக் குறி மறந்து போனது என்று விதியைக் கொண்டு நிச்சயமாகச் சொல்லவே முடியாது. ஆனால் மனிதர் எழுதும் பழக்கம் ஒன்று உண்டு. வசனத்துக்கு நடுவில், ஒரு வரி முழுவதும் கதவு மூடும் சொல் மட்டுமே வருமாறு யாராவது எழுதுவார்களா? அநேகமாக மாட்டார்கள். எனவே மேற்கோளுக்குள் இருக்கும்போது அப்படி ஒரு வரி வந்தால் ஐயப்படு என்றோம். இப்போது கருவி சொல்கிறது: "87ஆம் வரியில் தொடங்கிய மேற்கோளுக்குள் 88ஆம் வரியில் மெசேஜ் மூடப்படுகிறது. 87ஆம் வரியைப் பாருங்கள்." இதற்குப் பிழை என்று பெயர் வைக்காமல் எச்சரிக்கை என்று வைத்தோம். நிச்சயமாகத் தெரிந்தால் பிழை, ஐயமானால் எச்சரிக்கை. எந்தச் செய்தியை எந்தச் சொற்களில் எழுதுவது என்ற பொறுப்பை நான்காம் காட்சிக்காரியிடமே விட்டோம். "தவறு செய்துவிட்டீர்கள்" என்ற வாக்கியம் எங்கள் கருவியில் எங்குமே இல்லை. "பாருங்கள்" என்றுதான் இருக்கிறது.

இன்னொரு வகைத் தவறும் உண்டு. அது சத்தமே போடாது. எங்கள் கதையின் தலைவிக்கு 250 பொன் கொடுத்திருந்தோம். விளையாட்டில் 100தான் இருந்தது. ஆங்கிலத்தில் 'கோல்டு' என்னும் நான்கெழுத்துச் சொல்லின் நடு இரண்டு எழுத்தும் இடம் மாறி 'க்ளோட்' ஆகியிருந்தது. விளையாட்டு அந்தப் பெயரைத் தெரியாது என்று பேசாமல் விட்டுவிட்டு, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் கொடுக்கும் 100ஐக் கொடுத்துவிட்டது. இதைப் பிடிக்க, விளையாட்டின் கையேட்டைப் பார்த்து எந்தக் கதவுக்குள் எந்தப் பெயர்கள் வரலாம் என்று ஒரு பட்டியல் தயாரித்தோம். பட்டியலில் இல்லாத பெயர் வந்தால், அதற்கு மிக நெருங்கிய பெயரைக் காட்ட வேண்டும். நெருக்கத்தை எப்படி அளப்பது? ரஷ்ய அறிஞர் விளாதிமிர் லெவென்ஷ்டைன் 1965இல் ஒரு வழி சொன்னார்: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. 'க்ளோட்' 'கோல்டு' ஆக இரண்டு மாற்றம். இரண்டுக்குள் இருந்தால் "இதைத்தான் நினைத்தீர்களா?" என்று கேட்கிறது. இதுவும் எச்சரிக்கைதான். ஏனெனில் கதை எழுதுபவர் தாமே பெயர் வைத்துக்கொள்ளும் இடங்களும் இம்மொழியில் உண்டு.

ஆயினும் எங்கள் கருவிக்குத் தெரியாதது ஒன்று. "யானை மரத்தில் கூடு கட்டி முட்டையிட்டது" என்ற வாக்கியத்தில் எழுவாய், பயனிலை, வேற்றுமை எல்லாம் சரி. தமிழாசிரியை இலக்கணப் பிழை போட முடியாது. அதைப்போலவே, படகில் ஏறாத பெண் அக்கரையில் நின்று பேசுவதாக மூன்றாம் காட்சியில் எழுதியிருந்தோம். கருவி "பிழை எதுவும் இல்லை" என்றது. ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்திதான், "அக்கா, இவள் எப்படி ஆற்றைத் தாண்டினாள்?" என்று கேட்டாள்.

எல்லாம் முடிந்த பிறகு தெரிந்துகொண்ட செய்தி ஒன்று. வெஸ்நாத் விளையாட்டுடனேயே 'டபிள்யூஎம்எல்லின்ட்' என்ற சோதனைக் கருவி வருகிறது. எரிக் ரேமண்ட் 2007இல் எழுதியது, அதுவும் பைத்தானில். பழைய முறையில் எழுதிய கதைகளைப் புதிய முறைக்கு மாற்றித் தருவது வரை அது செய்கிறது. எங்களுடையது அதன் முன் ஒரு பொம்மை. 'லின்ட்' என்றால் துணியில் ஒட்டும் பஞ்சுப் பிசிறு. பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் 1978இல் 'சி' மொழிப் புரோகிராம்களில் இருக்கும் சிறு குறைகளைப் பொறுக்க எழுதிய கருவிக்கு இப்பெயர் வைத்தார். பிறகு இவ்வகைக் கருவிகளுக்கெல்லாம் அதுவே பொதுப் பெயராயிற்று. "முதலிலேயே இது இருப்பது தெரியாதா சிஸ்டர்?" என்று கேட்டோம். "தெரியும்" என்றார்கள். வேறொன்றும் சொல்லவில்லை.

கண்காட்சி அன்று விளையாட்டை விடக் கருவியின் முன்தான் கூட்டம். பெற்றோர் ஒவ்வொருவரிடமும், "ஏதாவது ஒரு குறியை அழித்துவிட்டுப் பாருங்கள்" என்றோம். ஒருவர் இரண்டு மேற்கோள்களை ஒரே வரியில் அழித்தார். கருவி ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை! ஒரு சொல்லோ பல சொற்களோ மேற்கோள் இல்லாமலே எழுதலாம் என்பது விதி என்று விளக்கினோம். அவர் முழுதும் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

வளைந்த அடைப்புக்குறிக்குள் எழுதும் 'மேக்ரோ' என்னும் சுருக்கங்களை மட்டும் எங்கள் கருவி இன்னும் சோதிப்பதில்லை, தாண்டிப் போய்விடுகிறது. மேக்ரோவுக்குள் ஒரு கதவைத் திறந்து, வெளியே மூடலாம் என்பதால், அதை விரித்து எழுதிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குள் அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது. புரோகிராம் கணிப்பொறி ஆய்வகத்தில் சன்னலோரம் உள்ள மூன்றாவது கணிப்பொறியில் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் யாரேனும் தொடர விரும்பினால் சிஸ்டரிடம் கேளுங்கள். 140ஆம் வரியில் "இங்கிருந்து பாக்கி" என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறோம்.